கச்சான் என்று பெயர் எழுதிய விசிறி

வங்காள விரிகுடாவில் ஒரு புயல் பிறந்தால், அது கண் திறந்ததும் முதலில் விசாரிக்கிற பெயர் மரியமலர். கொழும்பில் வானிலை சொல்கிறவர்கள் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று படம் போட்டுத் தலையைச் சொறிந்து கொண்டிருக்க, முல்லைத்தீவுக் கரையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடியே மரியமலர், “நீ இதாலை வா, அதாலை போ” என்று காற்றுக்கு உத்தரவு போடுவார். காற்றும் மறுபேச்சுப் பேசாமல் போகும். மற்றவர்களுக்கு வாடைக்காற்று மாரியில் மட்டும்தான். மரியமலருக்கு வருடம் முழுக்க. அந்த ராச்சியத்தின் உயரம் ஒன்றரை அடி, நீளம் ஒன்றரை அடி, அகலம் ஒரு சாண் என்பது சின்ன விசயம். அதை விட்டுவிடலாம்.

ராச்சியம் என்றது அவருடைய கொம்பியூட்டரை. கடையில் முழுசாக வாங்கியதல்ல. பெட்டி, மூடிப்போன ஒரு நெற்கஃபேயில் இருந்து வந்தது. மதர்போர்ட், வவுனியாவில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் பேரம் பேசி எடுத்தது. விசிறிகள் மூன்றும் மூன்று கம்பனி, மூன்று நிறம். சாப்பாட்டு மேசையில் பழைய பெட்சீற்றை விரித்து, கைக் காப்பைக் கழற்றி வைத்து, மூன்று நாள் எடுத்துத் தானே பூட்டினார். கடலால் வந்த புருசன் ஸ்ரீபன் மேசையைப் பார்த்தார்.

“சோத்தை எங்கை வைக்கிறது?”

“மடியிலை.”

மூன்று நாளும் அவர் மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார். முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை.

மரியமலருக்கு நாற்பத்துமூன்று வயது. அப்பா, அண்ணன், புருசன் எல்லோருக்கும் கடல்தான் தொழில். மீள்குடியேறி வந்த வருடம் ரவுணில் நளீரின் ஸ்ரூடியோவுக்குப் போட்டோக்கொப்பி அடிக்கப் போனார். நளீரும் அப்போதுதான் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து, சொந்த ஊரில் புதுசாக ஒரு கடை திறந்திருந்தார். போட்டோக்கொப்பி மிசின் கடதாசியை இழுத்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம் பிடிக்கும். மரியமலர் அதன் வயிற்றைத் திறந்து, கையை விட்டு, சிக்கின வலையை எடுக்கிற மாதிரி மெதுவாக எடுப்பார். ஒரு நாள் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற பொடியன் வெளிநாடு போய்விட்டான். அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. மரியமலர் போய் இருந்தார். பன்னிரண்டு வருடமாக, இப்போது வீட்டில் இருந்தபடியே, அதே வேலைதான்.

கல்யாண வீடியோவில் மணமகள் அழுகிறதும் மாமியார் சிரிக்கிறதும் மரியமலருக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை கடைசியில்தான் வரும். வெட்டிய துண்டுகளை எல்லாம் ஒரே படமாகச் சேர்த்து எடுக்கிற வேலை, ரெண்டர். அதற்குக் கொம்பியூட்டர் இரண்டு மூன்று மணித்தியாலம் மூச்சு விடாமல் ஓட வேண்டும். ஓடினால் புரொசெசர் கொதிக்கும். கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மிசின் ‘டிக்’ என்று நின்றுவிடும். மேலே தகரக் கூரை, வெளியே ஆடி வெயில். முதல் வருடம் அது நிற்காத நாளில்லை.

“பக்கத்து மூடியைக் கழட்டிப் போட்டு மேசை ஃபானைப் பிடியுங்கோ தங்கச்சி, கொழும்பிலையும் அப்பிடித்தான்” என்று நளீர் சொன்னார். கழற்றிப் பிடித்தார். இன்னும் கெதியாக நின்றது.

மரியமலர் அதன்பிறகு ஆரையும் கேட்கவில்லை. ஒரு நுளம்புத்திரியைக் கொளுத்தி, பெட்டியின் முன்னால் பிடித்து, புகை எங்கே போகிறது என்று பார்த்தார். மூடி திறந்திருந்தால் புகை உள்ளே போய், நடு வழியில் குழம்பி, திறந்த பக்கத்தால் வழிந்து விழுந்தது. கொதிக்கிற இடத்துக்கு அது போகவே இல்லை. மூடியைப் பூட்டினால் முன்னால் நுழைந்த புகை நேரே உள்ளே போய்ப் பின்னால் வந்தது. நளீருக்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான்: “நந்திக்கடல் நிரம்பினா முகத்துவாரத்தை ஒரு இடத்திலை வெட்டிக் கடலுக்கு விடுறம். தண்ணி இழுத்துக்கொண்டு ஓடுது. கரை முழுக்க உடைச்சு விட்டா ஓடுமே? சேறுதான் மிஞ்சும்.”

நளீர் அதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனார். பிறகு தன் கடை மிசினின் மூடியையும் பூட்டினார்.

விசிறிகளுக்குப் பெயர் வைத்தது அப்போதுதான். பெட்டியின் முகம் அறை வாசலைப் பார்த்து, மேற்கே இருந்தது. மேற்கால் வருகிற காற்றுக்குக் கரையில் கச்சான் என்று பேர். ஆகவே முன் விசிறியின் சட்டத்தில் வெள்ளை மார்க்கரால் ‘கச்சான்’ என்று எழுதினார். பக்கத்து மூடியில் இருந்த விசிறி வடக்கைப் பார்த்தது. அது ‘வாடை’. பின் விசிறி சூட்டை அள்ளிக் கிழக்கு யன்னலால் கடலுக்கு அனுப்புவது. அதில் அம்புக்குறி மட்டும்தான்.

“இதுக்கு ஏன் பேரில்லை?” என்று ஸ்ரீபன் கேட்டார்.

“காத்துக்கு வாற திசையாலைதானே பேர். போற காத்துக்கு ஆர் பேர் வைக்கிறது?”

ஸ்ரீபனுக்கு அது சரியாகப் பட்டது. கடலில் அவரும் அப்படித்தான் சொல்வார்.

ரெண்டர் ஓடுகிற நேரமெல்லாம் மரியமலர் இடைக்கிடை அந்தப் பெயரில்லாத விசிறிக்குப் பின்னால் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. திரையில் சூட்டின் இலக்கம் தெரியும்தான். ஆனால் கை சொன்ன பிறகுதான் இலக்கத்தை நம்புவார்.

இந்த ஒழுங்கான ராச்சியத்துக்குள்தான் ஜெயரூபினி வந்து சேர்ந்தாள்.

ஜெயரூபினி மரியமலரின் அக்காவின் மகள். ஊர் விசுவமடு. வயது பதினேழு. ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடம் இரண்டு முறை அவளைக் கைவிட்டது. அவள் கணக்கை ஒரேயடியாகக் கைவிட்டாள். “சின்னம்மா வீட்டிலை ஒரு கிழமை நிக்கட்டும், புத்தி வரும்” என்று பஸ் ஏற்றி விட்டார்கள். அந்த ஒரு கிழமை இப்போது நான்கு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. புத்தி இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறது போல.

வந்த மாதமே ஒரு வேலை செய்தாள். கொம்பியூட்டரைப் போட்டதும் வருகிற சத்தத்தை மாற்றி, ஓட்டோவில் பாண் விற்க வருகிறவர் போடுகிற பாட்டை ஏற்றிவிட்டாள். மரியமலர் காலையில் மிசினைப் போட, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தட்டத்தோடு றோட்டுக்கு ஓடி வந்தார். பாண்காரனைக் காணவில்லை. மூன்று நாள் ஓடி வந்தார். நான்காம் நாள் மரியமலருக்கு விளங்கியது. அவர் ஏசவில்லை. “பேச்சியம்மாவுக்குப் பாண் வேண்டிக் குடுத்திட்டு வா” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று ஜெயரூபினிக்குத் தோன்றியது. ஏச்சுக்கு அவளிடம் பதில் இருந்தது.

விசிறியின் பெயரை அவள் கண்டது, முதன்முதல் மூடி திறந்து தூசி தட்டுகிறதைப் பார்த்த நாளில்.

“சின்னம்மா, இதென்ன, கச்சான் எண்டு எழுதிக் கிடக்கு?”

“அதின்ரை பேர்.”

“இதுக்குள்ளை கச்சான் வறுக்கிறனீங்களோ?”

மரியமலர் தூரிகையை நிறுத்தவில்லை. “ஓம். பதம் வந்தோண்ணை கூப்பிடுறன்.”

வன்னியில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பேர். விசுவமடுப் பிள்ளைக்குக் கச்சான் என்றால் தோட்டத்தில் பிடுங்கி, காயவைத்து, வறுத்துத் தின்கிற சாமான். காற்றுக்கும் அந்தப் பேர் இருக்குமென்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பின்னேரம் ஸ்ரீபன் சித்தப்பா விளக்கம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் அந்த வார்த்தை அவளை விடவில்லை. இவ்வளவு நல்ல ஒரு பகிடியைச் சும்மா விட்டால் அது பாவம் இல்லையா?

செவ்வாய்க்கிழமை மரியமலர் சங்கக் கடைக்குப் போன நேரம், அவள் மூடியைத் திறந்தாள். கோது உடைத்து வறுத்த கச்சான் ஒரு கடதாசிச் சரை வாங்கி வைத்திருந்தாள். சரையின் வாயை விரித்து, முன் விசிறிக்குப் பின்னால், பெட்டியின் அடியில் நிறுத்தி வைத்தாள். சனிக்கிழமை தூசி தட்டுகிற நாள். சின்னம்மா மூடியைத் திறப்பார். உள்ளே சுடச்சுடக் கச்சான் இருக்கும். “பதம் வந்திட்டுது சின்னம்மா, கூப்பிடவேயில்லை” என்று தான் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். முகம் நன்றாக வந்தது.

சனிக்கிழமைக்கு முதல் வியாழக்கிழமை வந்துவிட்டது.

செட்டிகுளத்தில் நடந்த ஒரு கல்யாணம். மூன்று கமரா, மேலே பறக்கிற கமரா ஒன்று, ஆறு மணித்தியாலக் காட்சி. இரண்டு கிழமையாக வெட்டி ஒட்டி, வியாழன் மத்தியானம் மரியமலர் முடித்தார். நளீர் மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கதைக்கக் கஷ்டமான கதை இருந்தால் அவர் வாசலிலேயே நிற்பார்.

“தங்கச்சி, மாப்பிள்ளை திங்கள் விடிய ஏயாப்போட். ஞாயிறு பின்னேரத்துக்கிடையிலை அவற்றை கையிலை குடுக்கோணும்.”

“குடுப்பம் நானா.” நளீரை அவர் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

“இன்னொண்டு. ஆவணிக்குள்ளை பதினொரு கலியாணம் பிடிச்சிருக்கிறன். உங்களிட்டைத் தாறதோ, வவுனியாவுக்கு அனுப்புறதோ எண்டு இதைப் பாத்துத்தான் முடிவு. கோவிக்கக் கூடாது. வைகாசியிலை உங்கடை மிசின் நிண்டு, நான்தானே பொம்பிளை வீட்டிலை பேச்சு வாங்கினனான்.”

“கோவமில்லை. நீங்கள் சொல்லுறது ஞாயம்.”

அவர் போன பிறகு மரியமலர் அலுமாரிக்கு மேலே இருந்த ஒரு கடதாசியை எடுத்து, தூசியை ஊதி, திரும்பவும் வைத்தார். கார்மென்ற்ஸ் தையல் வேலைக்கான படிவம். திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் அடுத்த கிழமையே வேலை. விடிய நாலரைக்குச் சந்தியில் பஸ். இந்த மிசின் ஓடினால் பதினொரு கல்யாணம். ஓடாவிட்டால் அந்த பஸ். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

“பிள்ளை, ரெண்டருக்கு விடுறதுக்கு முதல் ஒருக்காத் தூசி தட்டுவம். நான் குளிச்சிட்டு வாறன், நீயே திறந்து செய்.”

ஜெயரூபினி மிசினுக்கு முன்னால் குந்தினாள். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த முகம் வீணாகப் போயிற்று. மூடியைத் திறந்து, சரையை எடுத்து, தூரிகையால் எல்லாம் தட்டி, துணியால் துடைத்து, திரும்பப் பூட்டினாள். உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க ஆணிகளுக்கு மெழுகுதிரி தேய்க்கவும் மறக்கவில்லை. பிறகு குசினிக்குள் போய் நின்று, தன் பகிடியைத் தானே தின்று முடித்தாள். கச்சான் நல்ல பதம். தோல்கூட உரிந்து, வெள்ளை வெளேரென்று இருந்தது.

பின்னேரம் மரியமலர் ரெண்டரை விட்டார். நாற்பது நிமிடம். இலக்கம் தொண்ணூற்றேழு. ‘டிக்.’

வெள்ளிக்கிழமை விடியப்புறம், தகரம் குளிர்ந்திருக்கிற நேரம் விட்டார். ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியது. ‘டிக்.’

மரியமலர் பதறவில்லை. அவர் பதறி ஜெயரூபினி கண்டதில்லை. பெயரில்லாத விசிறிக்குப் பின்னால் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

“உள்ளுக்கை நெருப்பு. வெளியிலை வாற காத்து சும்மா கிடக்கு. சூடு வெளிக்கிடேல்லை. எங்கையோ நிக்குது.” திரும்பினார். “வடிவாத் துடைச்சனியோ பிள்ளை?”

“ஓம் சின்னம்மா.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா.”

அது பொய்யில்லை. அவள் வடிவாகத்தான் துடைத்திருந்தாள். மரியமலரும் மூடியைத் திறந்து, ரோச் அடித்துப் பார்த்தார். அடி சுத்தம். விசிறிகள் சுத்தம். புரொசெசருக்கு மேலே சூட்டை உறிஞ்ச வைத்திருக்கிற அலுமினியக் கட்டியும், அதன் தலையில் இருக்கிற சின்ன விசிறியும், மேலால் பார்க்க எந்தக் குறையும் இல்லை.

“அப்ப பேஸ்ற் காஞ்சிட்டுது” என்றார். புரொசெசருக்கும் கட்டிக்கும் நடுவில் பூசுகிற பசை அது. “கட்டியைக் கழட்டினா புதுசு பூசாமல் திருப்பி வைக்கேலாது. வவுனியாவிலைதான் வேண்டோணும். அந்தக் கடைக்காரர் ஊரிலை இல்லை, திங்கள்தான் திறப்பார்.”

ஆகவே வெளியால் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். ஸ்ரீபன் தகரத்துக்கு மேலே ஏறிக் கிடுகு பரப்பினார். யன்னலில் ஈரச் சாக்கு கட்டினார்கள். ஈரம் மிசினுக்குக் கூடாது என்று மரியமலர் அதை அரை மணித்தியாலத்தில் கழற்றினார். மேசையை வாசலுக்குக் கிட்டத் தள்ளினார்கள். ரெண்டரை மூன்று துண்டாக வெட்டி விட்டுப் பார்த்தார். முதல் துண்டு முடியவே மிசின் நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் மிசினைக் குளிர விட்டு, தேத்தண்ணி குடித்து, திரும்ப வந்து, அதே கதிரையில் அதே மாதிரி இருந்தார். ஜெயரூபினி அவருக்கு முன்னால் பகிடி விட்டுப் பார்த்தாள். “சின்னம்மா, மிசினுக்கு மாதத்திலை ஒரு கிழமை லீவு எடுக்கிற வருத்தமோ?” மரியமலர் சிரித்தார். சிரித்தது அவளுக்காகத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மரியமலர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து நிரப்பத் தொடங்கினார். ஜெயரூபினி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பெயர். விலாசம். வயது. ‘முன் அனுபவம்’ என்று ஒரு கோடு. மரியமலரின் பேனை அந்தக் கோட்டில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, ‘இல்லை’ என்று எழுதியது.

ஜெயரூபினி அதை இரண்டு தரம் வாசித்தாள். இந்த மனிசி பன்னிரண்டு வருடமாக முல்லைத்தீவில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார். பெட்டிக்குள் காற்றை நடத்தத் தெரிந்தவர். தையல் மிசினுக்கு அதெல்லாம் அனுபவம் இல்லைத்தான். என்றாலும் அந்த ‘இல்லை’யின் எழுத்து அவ்வளவு வடிவாக இருந்திருக்கத் தேவையில்லை.

ஸ்ரீபன் வாசல் படியில் இருந்து கச்சான் தின்றுகொண்டிருந்தார். ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ‘ஃபூ’ என்று ஊதினார். தோல்கள் எழும்பிப் பறந்து, அறைக்குள் போய், எங்கெங்கோ விழுந்தன.

“உள்ளுக்கை ஊதாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது” என்றார் மரியமலர், படிவத்தில் இருந்து தலை தூக்காமல்.

ஜெயரூபினி அசையாமல் நின்றாள்.

குசினியில் நின்று தின்ற கச்சான். வெள்ளை வெளேரென்று. அவள் ஒன்றையும் தேய்க்கவில்லை. ஒன்றையும் ஊதவில்லை. செவ்வாயில் இருந்து வியாழன் மட்டும் அந்த விசிறிதான் ஊதியது. அப்படியானால் தோல் எங்கே போயிற்று?

காற்று எங்கே போக வேண்டும் என்று சின்னம்மா வழி வைத்திருக்கிறாரோ, அங்கேதான் போயிருக்கும். முன்னால் நுழைந்து, நேரே, கொதிக்கிற இடத்துக்கு. வழியில் ஒரு இடமும் நிற்காமல். சின்னம்மாவின் ஒழுங்கு அவ்வளவு திறம்.

“சின்னம்மா…”

“என்ன?”

மரியமலர் நிமிர்ந்தார். கண் இரண்டும் மூன்று நாளாகத் திரையைப் பார்த்துச் சிவந்திருந்தன. உங்கடை பன்னிரண்டு வருசத்தை நான் ஒரு சரைக் கச்சானாலை அடைச்சுப் போட்டன் என்று எப்படிச் சொல்வது? பேச்சியம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த மாதிரிப் பாண் வாங்கிக் கொடுத்துத் தீர்க்கிற விசயமா இது?

“தேத்தண்ணி போடட்டோ?”

“போடன்.”

ஞாயிறு காலை ஜெயரூபினிக்கு வயிற்றுக்குத்து. அவள் அதைத் திறமாகச் செய்தாள். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் அதுதான். மரியமலர் ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, ஸ்ரீபனோடு ஏழு மணிப் பூசைக்குப் போனார்.

படலை சாத்துகிற சத்தம் கேட்டதும் அவள் எழும்பினாள். மூடியைத் திறந்தாள். அலுமினியக் கட்டியைத் தொடத் தேவையில்லை. தலையில் இருந்த சின்ன விசிறியை மட்டும் கழற்றினால் போதும். நாலு கிளிப். நகம் ஒன்று போனது. விசிறி கையோடு வந்தது.

கீழே தகடுகள் தெரியவில்லை. அவற்றின் இடுக்கெல்லாம் மூடி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கச்சான் தோல் படிந்து கிடந்தது, கல்யாண மண்டப வாசலில் விரிக்கிற சிவப்புக் கம்பளம் மாதிரி. சில தோல்கள் கருகியும் இருந்தன. அவள் நிலத்தில் குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். வேறு ஆராவது செய்திருந்தால் சிரித்துச் செத்திருப்பாள்.

பழைய பல்லுத் தூரிகையால் கிளறினாள். சித்தப்பா சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்மைக் கொண்டு வந்து, ஒவ்வொரு இடுக்காக அடித்தாள். இந்தப் பக்கத்தால் அடிக்க அந்தப் பக்கத்தால் தோல் பறந்தது. கை வலித்தது. ஒரு இடுக்கைக்கூட விடவில்லை. தகடுகளின் நடுவால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும் மட்டும் அடித்தாள். சின்ன விசிறியைத் திரும்பப் பூட்டும்போது எந்தப் பக்கம் மேலே என்று ஒரு சந்தேகம் வந்தது. பக்கம் மாறினால் எல்லாம் போச்சு. நுளம்புத்திரியைக் கொளுத்தி, மிசினை ஒரு நிமிடம் போட்டு, புகை கட்டிக்குள் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. பின்னால் யன்னல் பக்கம் வந்தது. திரியை அணைத்தாள், தோலைக் கூட்டி வாழையடியில் கொட்டினாள், ஆணிகளுக்கு மெழுகுதிரி தேய்த்தாள், பாயில் போய்ப் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பிடியிருக்கு?” என்றார் பூசையால் வந்த மரியமலர்.

“குறைவு. சின்னம்மா, இன்னொருக்கா ஓட்டிப் பாப்பமே?”

“என்னத்துக்கு? ஆறு தரம் நிண்டது.”

“ஏழுதான் நல்ல இலக்கம்.”

மரியமலர் சட்டை மாற்றாமலே போய் மிசினைப் போட்டார். ரெண்டரை விட்டார். அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. அங்கேயே நின்றது. நாற்பது நிமிடம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. மரியமலர் எழும்பிப் போய்ப் பெயரில்லாத விசிறிக்குப் பின்னால் புறங்கையை வைத்தார். ஜெயரூபினியைப் பார்க்கவில்லை. போய்ச் சோறு வடித்தார். ஒரு மணிக்குப் படம் முழுசாக முடிந்து திரையில் இருந்தது, மணமகள் அழுதது, மாமியார் சிரித்தது எல்லாம் இடத்துக்கு இடம்.

இரண்டு மணிக்கு நளீர் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஐந்து மணிக்குப் போன் எடுத்தார். மரியமலர் ஸ்பீக்கரில் போட்டார்.

“தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டிலை சந்தோசம். மாப்பிள்ளையின்ரை தாய் தாலி கட்டுற இடத்தை இரண்டாந்தரம் போடச் சொல்லிப் பாத்தவா. எனக்கு ஒரு மறுமொழிதான் வேணும். பதினொண்டையும் தரட்டோ? மிசின் இனி நிக்காது எண்டு நீங்கள் சொன்னாக் காணும். நான் வேறை ஒண்டும் கேக்கமாட்டன்.”

ஜெயரூபினி வாசலில் நின்று, தலையை வேகமாக ஆட்டினாள். சொல்லுங்கோ, ஓம் எண்டு சொல்லுங்கோ.

“ஒரு நிமிசம் நானா, நில்லுங்கோ” என்ற மரியமலர், போனைத் தன் நெஞ்சோடு பொத்திப் பிடித்தார்.

“இஞ்சை வா.”

அவள் வந்தாள்.

“நேற்று வரைக்கும் பின்னாலை குளிர் காத்து. இண்டைக்குச் சூடு வருகுது. பேஸ்ற் காஞ்சிருந்தா அது தன்ரை பாட்டிலை ஈரமாகாது. நான் கோயிலிலை நிண்ட நேரம் உள்ளுக்கை ஒண்டு நடந்திருக்கு.”

“மாதாவுக்கு நேந்தனான் சின்னம்மா.”

“மாதா கிளிப் கழட்டமாட்டா. உன்ரை நகத்தைப் பார்.”

ஜெயரூபினி கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“கேள் பிள்ளை. ஏன் நிண்டது எண்டு தெரியாமல் நான் அந்த மனிசனுக்கு ஓம் சொல்லமாட்டன். ஏனெண்டு தெரியாமல் மாறின பிழை, ஏனெண்டு தெரியாமல் திரும்பியும் வரும். பதினொரு வீட்டுக் கலியாணம். தெரியாட்டி நாளைக்குப் படிவத்தைக் குடுக்கிறதுதான் எனக்கு ஞாயம்.”

“தூசி” என்றாள் ஜெயரூபினி அவசரமாக. “வயித்துக்குத்து நிண்டோண்ணை சும்மா திறந்து பாத்தனான். தூசி. தட்டிவிட்டனான். அவ்வளவுதான். இனி நிக்காது. சொல்லுங்கோ.”

“எங்கை கிடந்தது?”

“சின்ன ஃபானுக்குக் கீழை.”

“என்ன மாதிரித் தூசி?”

“தூசி மாதிரித் தூசி.”

“என்ன நிறம்?”

“சிவப்பு” என்றாள். யோசிக்கவே இல்லை. விசுவமடுவில் வளர்ந்த பிள்ளைக்குத் தூசி என்றால் சிவப்புத்தான். பள்ளிக்கூடச் சப்பாத்து, கொடியில் காய்கிற சட்டை, பஸ்ஸின் கண்ணாடி, எல்லாவற்றிலும் அவள் கண்ட தூசி செம்மண்தான்.

மரியமலர் யன்னலால் வெளியே பார்த்தார். முற்றத்தில் இருந்து கடல் மட்டும் வெள்ளை மணல் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு கிடந்தது.

“இஞ்சை எங்கையடி சிவப்புத் தூசி?”

ஜெயரூபினியும் வெளியே பார்த்தாள். நான்கு மாதத்தில் இன்றைக்குத்தான் அந்த மணலை முதன்முதல் காண்கிற மாதிரி இருந்தது. போனுக்குள் நளீர், “தங்கச்சி, நிக்கிறீங்களோ?” என்றார்.

“கச்சான்” என்றாள் மெல்ல.

“காத்தோ?”

“தோல்.”

மரியமலர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனார்.

“நானா, ஓம். பதினொண்டையும் தாங்கோ. பிழை பிடிபட்டிட்டுது.”

“அல்ஹம்துலில்லாஹ். என்ன பிழை தங்கச்சி? கனக்கச் செலவோ?”

“விசுவமடுவிலை இருந்து வந்தது நானா. பதினேழு வயசு. இந்தா, பக்கத்திலைதான் நிக்குது.”